சென்னையில இருந்து ஒரு நாள் மலையேற்றம்: எதை முதல்ல செய்யணும், எதை அப்புறம் (ஏலகிரி சுவாமிமலையை வச்சு முழு வழிகாட்டி)

சொந்தக்காரங்க, ஆபிஸ் பசங்க, பக்கத்து பிளாட் ஃபேமிலின்னு முதல் தடவை மலை ஏறுறவங்களை கூட்டிட்டு போய்ப் போய் ஒண்ணு நல்லா புரிஞ்சுது, மலையில நடக்குற தப்புல முக்காவாசி சென்னையிலேயே நடந்து முடிஞ்சிடுது. செய்ய வேண்டியது எல்லாருக்கும் தெரியும், ஆனா வரிசை மாறிடுது. டிக்கெட் போட்டுட்டு அனுமதி தேடுறது, கிளம்புற நேரத்தை முடிவு பண்ணிட்டு திரும்புற நேரத்தை யோசிக்காம விடுறது, இந்த மாதிரி. அதனால இதை மேல இருந்து கீழ அதே வரிசையில படிங்க, உதாரணத்துக்கு ஏலகிரியில இருக்குற சுவாமிமலையை எடுத்துக்குறேன்.

1. மலையை தேர்ந்தெடுக்கறது: உச்சியோட உயரத்தை பார்க்காதீங்க

பர்வதமலை 4,500 அடி சொச்சம், ஏலகிரி சுவாமிமலை 4,300 அடி சொச்சம்னு படிச்சிட்டு "ரெண்டும் ஒண்ணுதானே, பர்வதமலையே போயிடலாம்"னு கிளம்புறவங்க நிறைய பேர். இது கடல்மட்டத்துல இருந்து உள்ள உயரம், நம்ம கால் ஏறப்போற உயரம் இல்ல. ஏலகிரி ஊரே 1,100 மீட்டர்ல இருக்கு, அதுவரைக்கும் 14 கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸே ஏத்தி விட்டுடும், அங்க மங்கலம் கிராமத்துல இருந்து நம்ம ஏறுறது சுமார் 250 மீட்டர்தான். பர்வதமலையில அடிவாரத்துல இருந்து ஆரம்பிச்சு ஆயிரம் மீட்டருக்கு மேல ஏறணும், அதுவும் கடைசியில கடப்பாறையையும் சங்கிலியையும் புடிச்சு ஏறுற செங்குத்து பாறை. அது முதல் மலை இல்ல, மூணாவது நாலாவது மலை.

அதனால முதல்ல கேட்க வேண்டிய கேள்வி "நான் நடக்க ஆரம்பிக்குற இடத்துல இருந்து எத்தனை மீட்டர் ஏறணும்". முதல் தடவைன்னா 250ல இருந்து 400 மீட்டருக்குள்ள வச்சுக்கோங்க. நாம இருக்குறது தட்டையான ஊர், பரங்கிமலையே 300 அடிதான்.

இன்னொரு விஷயம், மேப்புல வெறுமனே சுவாமிமலைன்னு போட்டா கும்பகோணம் பக்கத்துல இருக்குற முருகன் கோயிலுக்கு வழி காட்டும். ஏலகிரின்னு சேர்த்து போடுங்க, இல்ல மங்கலம் கிராமம்னு தேடுங்க. வாடகை வண்டி டிரைவருக்கு லொக்கேஷன் அனுப்புறப்போ இதை ரெண்டு தடவை பார்த்துட்டு அனுப்புங்க.

2. அனுமதி: டிக்கெட்டுக்கு முன்னாடி

இதுதான் வரிசையில அதிகமா மாறிப்போறது. ரயில் டிக்கெட் சீக்கிரம் காலியாகும்னு அதை முதல்ல போட்டுடுவாங்க, அப்புறம் பார்த்தா அந்த தேதியில இடம் இருக்காது, இல்ல பாதையே மூடியிருப்பாங்க.

காட்டுக்குள்ள போற பாதைன்னா வனத்துறை அனுமதி இல்லாம போகக்கூடாது. 2018 மார்ச் 11ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில காட்டுத்தீயில மாட்டி 23 பேர் இறந்தாங்க, சென்னையில இருந்து போனவங்களும் அதுல இருந்தாங்க. அதுக்கப்புறம்தான் விதிமுறைகள் கடுமையாச்சு. 2024 அக்டோபர்ல தமிழ்நாடு அரசே 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு ஆன்லைன் புக்கிங் ஆரம்பிச்சு 40 பாதைகளை திறந்தாங்க, ஏலகிரி சுவாமிமலையும் அதுல ஒண்ணு. உள்ளூர் ஆள் ஒருத்தர் கைடா கூட வருவார். என்னைக் கேட்டா முதல் தடவை போறவங்க இப்படித்தான் போகணும், ஏன்னா எந்த பாறையில தேன்கூடு இருக்கு, எந்த ஒத்தையடிப்பாதை மாடு மேய்க்கற வழியா போய் எங்கேயோ முடியுதுன்னு மேப்புக்கு தெரியாது, அவருக்கு தெரியும்.

புக் பண்ணும்போது கவனிக்க வேண்டியது, எத்தனை மணிக்கு எந்த இடத்துல வந்து நிக்கணும்னு போட்டிருப்பாங்க. அந்த நேரத்தை எழுதி வச்சுட்டுதான் ரயிலோ வேனோ பார்க்கணும். அடையாள அட்டையில என்ன பேர் இருக்கோ அதே பேர்ல புக் பண்ணுங்க, வீட்ல கூப்பிடுற பேர்ல பண்ணிட்டு அங்க நின்னு விளக்கம் சொல்ல வேண்டாம்.

3. தேதி

டிசம்பர் கடைசியில இருந்து பிப்ரவரி முதல் பாதி வரைக்கும் நல்ல காலம். வடகிழக்கு மழை ஓய்ஞ்சிருக்கும், புல்லு காயாம இருக்கும், வெயில் தாங்கும். பிப்ரவரி நடுவுல இருந்து ஏப்ரல் நடு வரைக்கும் காட்டுத்தீ காலம், அப்போ பாதைகளை மூடிடுவாங்க, மூடலைன்னாலும் போகாதீங்க. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் காலையில போகலாம், ஆனா மத்தியானத்துக்கு மேல இடி மழை கூடும், மொட்டைப் பாறை உச்சியில இடி நேரத்துல நிக்குறது ரொம்ப ஆபத்து. அக்டோபர், நவம்பர்ல வானிலை அறிக்கை பார்த்து முதல் நாள் சாயந்திரம்தான் முடிவு பண்ண முடியும், அதனால புதுசா போறவங்களுக்கு அந்த ரெண்டு மாசம் வேண்டாம்.

பொங்கல் லீவுல போகலாமான்னு எல்லாரும் கேட்பாங்க, போகலாம், ஆனா மலை ரோட்டுல வண்டி வரிசையா நிக்கும், அதுக்கு ஒரு மணி நேரம் கூட சேர்த்துக்கோங்க.

4. நேரக் கணக்கு: கடைசியில இருந்து ஆரம்பிங்க

இந்த ஒரு பகுதியை மட்டும் படிச்சாலும் போதும்னு சொல்வேன். "காலையில 6 மணிக்கு கிளம்பி, 9 மணிக்கு உச்சி, அப்புறம் பார்த்துக்கலாம்"னு பிளான் போடுறவங்கதான் இருட்டுல செல்போன் லைட்டு அடிச்சு இறங்குவாங்க. அந்த "அப்புறம் பார்த்துக்கலாம்"ல பாதி நடை இருக்கு.

வீட்டுக்கு எப்போ வரணும்ங்கறதுல இருந்து பின்னாடி வாங்க. சாயந்திரம் 5 மணி சுமாருக்கு ஜோலார்பேட்டை (ஏலகிரிக்கு கிட்ட இருக்குற ஸ்டேஷன்) வர்ற பிருந்தாவன் எக்ஸ்பிரஸ்ல திரும்பறீங்கன்னு வச்சுக்கோங்க (நேரம் மாறும், போடும்போது பார்த்துக்கோங்க). அப்போ 4 மணிக்கு ஸ்டேஷன்ல இருக்கணும். அதுக்கு ஏலகிரியில இருந்து 2:30க்கு வண்டி ஏறணும், பஸ் தவறினா ஆட்டோ புடிக்கவும் நேரம் வேணும்ல. சாப்பாடு, முகம் கழுவறதுக்கு ஒண்ணரை மணி நேரம் விட்டா, 1 மணிக்கு மங்கலத்துல கால் வைக்கணும். இறங்க ஒண்ணரை மணி நேரம், அதோட அரை மணி நேரம் கையிருப்பு. அப்படின்னா 11 மணிக்கு எங்க இருந்தாலும் திரும்பணும். உச்சி கண்ணுக்கு தெரியுது, இன்னும் பத்தே நிமிஷம்னு சொன்னாலும் திரும்பணும்.

இந்த 11 மணியை கிளம்பறதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் சொல்லி வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடுங்க. மேல போய் மூச்சு வாங்கிட்டு இருக்கும்போது இதை முதல் தடவையா சொன்னா சண்டைதான் வரும்.

ஏற எவ்வளவு நேரம் ஆகும்னு கணக்கு போட பழைய முறை ஒண்ணு இருக்கு, நெய்ஸ்மித் விதின்னு பேரு. 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், அதோட 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். ஒரு பக்கம் 3 கிலோமீட்டர், ஏற்றம் 250 மீட்டர்னா 36 நிமிஷமும் 25 நிமிஷமும், மொத்தம் ஒரு மணி நேரம் வருது. ஆனா அது நல்லா பழகினவங்க நிக்காம நடக்குற கணக்கு, நம்ம ஊர் வெக்கை, போட்டோ, தண்ணி, "அண்ணா கொஞ்சம் உட்கார்ந்துட்டு போலாம்" எல்லாம் சேர்த்து நான் எப்பவும் ரெண்டால பெருக்கிக்குவேன். ஆக 7:30க்கு ஏற ஆரம்பிச்சா 9:30க்கு உச்சி, 11 மணி எல்லைக்கு நிறைய இடம் இருக்கு.

7:30க்கு மங்கலத்துல இருக்கணும்னா சென்னையில ராத்திரி 2:30, 3 மணிக்கு கிளம்பணும். ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிட்டு, மலை ஏறிட்டு, அதே ஆள் திரும்ப 220, 230 கிலோமீட்டர் ஓட்டறதை நான் ஒத்துக்கவே மாட்டேன், மலையை விட ஹைவேதான் பயம். ரெண்டே வழி: முந்தின நாள் சாயந்திரமே போய் ஏலகிரி மேலேயே அத்தனாவூர் பக்கம் தங்கிடுங்க, இல்லைன்னா ஆறேழு பேர் சேர்ந்து டிரைவரோட வேன் எடுத்துடுங்க, டிரைவர் கீழ தூங்கட்டும்.

5. உடம்பை தயார் பண்றது: நாலு வாரம்

ஜிம் வேண்டாம், படி போதும். ஒரு மாடி 3 மீட்டர்னா 250 மீட்டருக்கு எண்பது மாடி சொச்சம், அதாவது நாலு மாடி அபார்ட்மெண்ட்ட இருபது தடவை ஏறணும். முதல் வாரம் அஞ்சு தடவை, வாரத்துக்கு மூணு நாள், அப்படியே கூட்டிட்டு வாங்க. மூணாவது வாரத்துல இருந்து முதுகுல பை மாட்டி அதுல ரெண்டு லிட்டர் தண்ணி வச்சு ஏறுங்க, ஏன்னா வெறும் உடம்போட ஏறுறதும் பையோட ஏறுறதும் வேற வேற.

லிஃப்ட்ல இறங்காதீங்க. முட்டி வலி வர்றது இறங்கும்போது, அந்த தசைக்கும் பழக்கம் வேணும்.

கிளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை சோளிங்கர் போயிட்டு வாங்க, பெரிய மலை 1,305 படி. ரோப் கார் வந்துடுச்சு, ஆனா நாம போறது படிக்காக. காலை 7 மணிக்கு ஏறி, ரொம்ப மூச்சு முட்டாம, தலை சுத்தாம இறங்கி வந்தீங்கன்னா சுவாமிமலைக்கு ரெடி. நெஞ்சுல அழுத்தமோ தலை சுத்தலோ வந்தா அங்கேயே நிறுத்திட்டு டாக்டரை பாருங்க. பிபி, சுகர், ஆஸ்துமா இருக்குறவங்க கிளம்பறதுக்கு முன்னாடியே டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுடணும். அதை குரூப்ல ஒருத்தர்கிட்டயாவது சொல்லி வைங்க, எந்த மாத்திரை பையில எந்த ஜிப்புல இருக்குன்னு சேர்த்து.

6. ஷூ

என் மச்சான் பத்து வருஷம் பரண்ல வச்சிருந்த நல்ல விலை ஷூவை எடுத்து மாட்டிட்டு வந்தார், பார்க்க புதுசு மாதிரியே இருந்துச்சு. மங்கலம் தாண்டி முதல் பாறை ஏத்தத்துலேயே வலது கால் அடிப்பாகம் முன்னாடி பிரிஞ்சு தொங்க ஆரம்பிச்சிடுச்சு, கையில எடுத்து பார்த்தா கருப்பு ரப்பருக்கும் மேல்பாகத்துக்கும் நடுவுல இருந்த பஞ்சு மாதிரி பொருள் விரல் பட்டதும் ரவை மாதிரி உதிருது. துண்டை ரெண்டா கிழிச்சு ஷூவை சுத்தி கட்டி, கால் கட்டை விரல் வெளிய தெரிய, ஒவ்வொரு அடியா கையை புடிச்சு இறக்கினோம், முக்கால் மணி நேர வழி ரெண்டரை மணி நேரம் ஆச்சு.

அது ஷூவோட தப்பு இல்ல. நிறைய ஷூவுல நடுவுல இருக்குறது பாலியூரித்தேன், அது காத்துல இருக்குற ஈரத்தை இழுத்து வருஷக்கணக்குல தானா உடைஞ்சு போகும். போடாம வச்சிருந்தா கெடாதுன்னு நினைக்கிறோம், ஆனா சென்னை ஈரத்துக்கு மூடி வச்ச ஷூ நல்லாவே கெடும். அதனால பழசோ புதுசோ, கிளம்பறதுக்கு ஒரு மாசம் முன்னாடி எடுத்து ரெண்டு கையாலயும் வளைச்சு பாருங்க, கட்டை விரலால நடுப்பாகத்தை அழுத்துங்க, விரிசல் விட்டாலோ உதிர்ந்தாலோ தூக்கி போடுங்க.

புதுசு வாங்கறதுன்னா சாயந்திரம் போங்க, நாள் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுதான் மலையில வேணும். போடப்போற சாக்ஸை மாட்டிக்கிட்டே போட்டு பாருங்க, முன்னாடி ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருக்கணும். அடியில பல்லு பல்லா இருக்கணும், வழுவழுன்னு இருக்குற ரன்னிங் ஷூ மண்ணு பரவின பாறையில சறுக்கும். படிக்கட்டு பயிற்சியெல்லாம் இதே ஷூல பண்ணுங்க, அப்போதான் எங்க கடிக்குதுன்னு வீட்டுலயே தெரியும். கால் நகத்தை மூணு நாள் முன்னாடி வெட்டிடுங்க. முந்தின ராத்திரி வெட்டினா ஓரம் காயம் பட்டிருக்கும், வெட்டாம விட்டா இறங்கும்போது ஷூ முனையில இடிச்சு நகம் கருத்து போயிடும்.

7. பையில என்ன

தண்ணி ஆளுக்கு 3 லிட்டர், மேல கிடைக்கும்னு நம்பாதீங்க. ஒரு லிட்டர்ங்கறது ஒரு கிலோ, அதனால "நான் தூக்குறேன் உனக்கும் சேர்த்து"ன்னு ஒருத்தர் தலையில கட்டாதீங்க, அவங்கவங்க தண்ணி அவங்கவங்க முதுகுல. ஓஆர்எஸ் பாக்கெட் ரெண்டு, பாக்கெட்ல போட்டிருக்குற அளவு தண்ணியிலதான் கலக்கணும், பெரும்பாலும் ஒரு லிட்டர். அரை லிட்டர்ல கலந்து திக்கா குடிச்சா நல்லதுன்னு சில பேர் பண்றாங்க, அது தாகத்தை கூட்டும், வயித்தையும் கெடுக்கும். பாக்கெட் இல்லைன்னா ஒரு லிட்டருக்கு தலைதட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

சாப்பாட்டுக்கு மிளகாய் பொடி நல்லெண்ணெய் தடவின இட்லிக்கு ஈடு இல்ல, ஆறிப்போனாலும் சாப்பிடலாம், கெடாது, கனமா இருக்காது. புளி சாதம், எலுமிச்சை சாதமும் சரி. தயிர் சாதம் வெயில்ல புளிச்சு போகும், பிரியாணி வேண்டவே வேண்டாம், தண்ணியா கேட்கும். நடுவுல கொறிக்க கடலை மிட்டாய், பேரீச்சம்பழம். குரங்கு இருக்குற இடத்துல பையை திறக்காதீங்க, கேரி பேக் சத்தம் கேட்டாலே வந்துடும்.

அப்புறம் டார்ச், பகல் நடைக்கு எதுக்குன்னு கேட்காம எடுத்துக்கோங்க, தலையில மாட்டறதா இருந்தா நல்லது, கை ரெண்டும் ஃப்ரீயா இருக்கும். தொப்பி, முழுக்கை சட்டை, ஒரு மெல்லிய மழை கோட்டு, க்ரீப் பேண்டேஜ், விசில், பவர் பேங்க். ஜீன்ஸ் போடாதீங்க, நனைஞ்சா காயாது, தொடையை உரசும். சென்ட், பாடி ஸ்ப்ரே அன்னைக்கு ஒரு நாள் வேண்டாம், பாறை இடுக்குல மலைத்தேனீ கூடு இருக்கும், வாசனையும் புகையும் சத்தமும் அதுக்கு ஆகாது. ஒரு தடவை போட்டு தூக்கி எறியற பிளாஸ்டிக்கையும் வீட்டுலயே வச்சிடுங்க, கொண்டு போற கவர் எல்லாம் திரும்ப பையிலேயே வரணும்.

8. வீட்டுக்கு சொல்லிட்டு போங்க

கூட வராத ஒருத்தர்கிட்ட நாலு விஷயம் எழுதி கொடுங்க: எந்த மலை, எந்த கிராமத்துல இருந்து ஏறுறோம், யார் யார், எத்தனை மணிக்குள்ள போன் வரலைன்னா யாரை கூப்பிடணும். கடைசி ஒண்ணுதான் முக்கியம். "சாயந்திரம் போன் பண்றேம்மா"ன்னு சொன்னா அம்மா 3 மணியில இருந்து பதறுவாங்க, "2 மணிக்கு போன் வரும், 4 மணி வரைக்கும் வரலைன்னா 112க்கு போன் போட்டு மங்கலம் சுவாமிமலைன்னு சொல்லுங்க"ன்னா அவங்களுக்கும் நிம்மதி, நமக்கும் பாதுகாப்பு.

மேப்பை வீட்டு வைஃபைலேயே ஆஃப்லைன்ல இறக்கி வச்சுக்கோங்க. சிக்னல் இல்லாத இடத்துல போன் டவரை தேடித்தேடி சார்ஜ் இறங்கும், அதனால நடக்கும்போது ஏரோபிளேன் மோடு.

9. ஏறும்போது

மெதுவா போறவங்க முன்னாடி, வேகமா போறவங்க பின்னாடி. வழக்கமா இதை தலைகீழா பண்றோம், வேகமானவங்க முன்னாடி போய் உட்கார்ந்து ஓய்வெடுப்பாங்க, மெதுவானவங்க வந்து சேர்ந்ததும் "வா போலாம்"னு எந்திரிப்பாங்க, பாவம் அவங்களுக்கு ஓய்வே கிடைக்காது. கடைசி ஆள் ஒருத்தர் கண்டிப்பா பழகினவரா இருக்கணும், அவருக்கு பின்னாடி யாரும் இருக்கக்கூடாது.

பேசிக்கிட்டே நடக்க முடியுற வேகம்தான் சரியான வேகம். ஒரு வாக்கியம் முழுசா சொல்ல முடியலைன்னா வேகத்தை குறைங்க. முதல் அரை மணி நேரம்தான் எல்லாரும் ஓடுவாங்க, அங்கதான் தொடை புடிச்சுக்கும். தாகம் எடுக்குறதுக்கு முன்னாடியே இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை நாலு வாய் தண்ணி. நடக்க ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல ஒரு தடவை நிறுத்தி ஷூ லேஸ், பை வாரை சரி பண்ணச் சொல்லுங்க, கால்ல சூடு தெரிஞ்சா அப்பவே பிளாஸ்டர் ஒட்டணும், கொப்புளம் வந்த பிறகு ஒட்டி பிரயோஜனம் இல்ல.

10. இறங்கும்போது

உச்சியிலேயே லேஸை அவிழ்த்து கணுக்கால் பக்கம் இறுக்கி கட்டுங்க, அப்போதான் கால் முன்னாடி சறுக்கி விரல் இடிக்காது. அடி சின்னதா, முட்டி லேசா மடிஞ்சு இருக்கணும், செங்குத்தான இடத்துல நேரா இறங்காம வளைஞ்சு வளைஞ்சு வாங்க. குதிக்காதீங்க, பாறை மேல பொடி மண்ணு இருக்குற இடம்தான் வழுக்கும், பெரிய கல்லு இல்ல. ஏறும்போது அப்பப்போ திரும்பி பார்த்துட்டு வந்திருந்தீங்கன்னா வழி பிரியுற இடம் இப்போ ஞாபகம் வரும், ஏன்னா இறங்கும்போது அதே பாதை வேற மாதிரி தெரியும்.

11. ஏதாவது ஆயிடுச்சுன்னா

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தா நிழல்ல உட்கார வச்சு ஓஆர்எஸ் கொடுங்க, கழுத்து, அக்குள்ல ஈரத்துணி. பேச்சு குழறினாலோ ஆள் குழம்பினாலோ அது வெப்ப பாதிப்பு முத்தினது, உடம்பு முழுக்க தண்ணி ஊத்தி விசிறிக்கிட்டே 108க்கு போன் போடுங்க, அந்த நிலையில வாயில தண்ணி ஊத்தாதீங்க.

பாம்பு கடிச்சா கட்டு போட்டு இறுக்கறது, கீறறது, வாயால உறிஞ்சறது எதுவும் பண்ணாதீங்க. கடிபட்ட கால அசைக்காம ஒரு குச்சி வச்சு லேசா கட்டி, நடக்க விடாம தூக்கிட்டு இறக்கி, விஷமுறிவு மருந்து இருக்குற அரசு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்க. மோதிரம், கொலுசை உடனே கழட்டிடுங்க, வீங்கின பிறகு வராது. தேனீ கிளம்பிடுச்சுன்னா கையை வீசாம முகத்தை துணியால மூடிக்கிட்டு அந்த இடத்தை விட்டு வேகமா விலகி போங்க.

12. வந்து சேர்ந்ததும்

முதல்ல வீட்டுக்கு போன். அப்புறம் ஷூவை கழட்டறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் மெதுவா நடந்து கெண்டைக்காலை நீட்டி மடக்குங்க, நேரா வண்டியில ஏறி உட்கார்ந்தா ஜோலார்பேட்டையில இறங்கும்போது கால் கட்டை மாதிரி ஆயிடும். குளிக்கும்போது முட்டிக்கு பின்னாடி, இடுப்பு மடிப்புல எல்லாம் உண்ணி இருக்கான்னு பாருங்க, இருந்தா தோலோட ஒட்டி இடுக்கியால நேரா இழுத்து எடுங்க. ஏற எத்தனை நிமிஷம், இறங்க எத்தனை நிமிஷம், எவ்வளவு தண்ணி மிச்சம்னு அன்னைக்கு ராத்திரியே குறிச்சு வைங்க, அடுத்த மலைக்கு நேரக் கணக்கு போடும்போது ரெண்டால பெருக்கணுமா ஒண்ணரையால பெருக்கணுமான்னு அதை பார்த்துதான் முடிவு பண்ணணும். ஷூவை கழுவி நிழல்ல காய வச்சு, திறந்த ரேக்குல வைங்க, பரண்ல வேண்டாம்.